எந்தப் பறவையைப் போல?

சிங்கப்பெருமாள் கோவிலில் குன்றைக் குடைந்த கருவறையில் வீற்றிருக்கும் பாடலாத்ரி நரசிம்மருக்குச் சிங்கமுகம் உவமை அல்ல, அவதாரமே அதுதான். உயிரைப் பற்றிப் பேசும்போது வருகிற பறவையோ வெறும் உவமை. ஆனாலும் அந்த உவமையை வைத்துப் பெரிய வழக்குகளே நடந்திருக்கின்றன.

யாராவது இறந்தால், 'கூட்டை விட்டு உயிர் பறந்துவிட்டது' என்பது ஊர்ப்பேச்சு. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இதை ஒப்பமாட்டார். உடம்புக்கும் உயிருக்கும் உள்ள நட்பு, குடம்பையைத் தனியே விட்டுப் பறவை பறந்தது போன்றது என்கிறது 338ஆம் குறள். குடம்பை என்றால் கூடு என்று சிலர் உரை சொன்னார்கள். முட்டை என்றார் பரிமேலழகர். கூடு பறவையோடு தோன்றுவதில்லை; பறந்த பறவை அதற்குள் திரும்பவும் நுழையும். இந்த இரண்டும் உடம்புக்குப் பொருந்தாது. சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் தெற்கே வேடந்தாங்கல் ஏரிக்குப் போனால் அவர் வாதம் கண்ணெதிரே நிற்கும். நத்தைகுத்தி நாரை குஞ்சுகளுக்கு இரை தேடிக் கூட்டுக்கும் வயலுக்குமாகப் பறந்தபடியே இருக்கும். உயிரும் அப்படித் திரும்புமானால் சுடுகாட்டுக்கு ஏது வேலை?

குலசேகராழ்வாருக்கு வேண்டியிருந்ததோ அந்தத் திரும்பும் குணம்தான். நடுக்கடலில் எங்கும் கரை காணாமல் கப்பலின் பாய்மரத்துக்கே மீண்டு வரும் பறவையைப் போல, வேறு போக்கிடமின்றி விற்றுவக்கோட்டுப் பெருமானிடமே வருகிறார் அவர்.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக, கார்த் தொழிற்சாலைகளைத் தாண்டிப் போகும் சாலையில் வருகிற திருப்பெரும்புதூர், 1017இல் இராமானுஜர் பிறந்த ஊர். அவருடைய வழக்கிலும் பறவை உண்டு: முண்டக உபநிடதம் ஒரே மரத்தில் இரண்டு பறவைகளை அமர்த்துகிறது. ஒன்று பழம் தின்கிறது, மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. சீவனும் பிரம்மமும் ஒன்றே என்னும் அத்வைதிகளுக்கு இந்த இருமை, உடல் மனம் என்னும் வரம்புகளால் வரும் தோற்றம். இராமானுஜருக்கு இரண்டும் உண்மையிலேயே இரண்டு. தின்பது சீவன், பார்ப்பது இறைவன். அவர் பிடித்துக்கொண்ட சொல் அதே பகுதியில் சற்றுத் தள்ளி வருகிறது. ஞானம் பெற்றவன் அடைவது 'பரம சாம்யம்', அதாவது மேலான ஒப்புமை. பறவையைப் போல என்று தொடங்கிய பேச்சில், முக்தியே ஒரு 'போல' ஆகிவிடுகிறது!

அத்வைதிகள் விடுவார்களா? பிரம்மத்தை அறிந்தவன் பிரம்மமே ஆகிறான் என்று அதே உபநிடதம் பின்னால் சொல்வதை எடுத்து நீட்டுவார்கள். அதற்கும் இராமானுஜரின் உரைநூலான ஸ்ரீபாஷ்யத்தில் பதில் உண்டு: அந்த 'ஆகிறான்' என்பதையும் சாம்யத்தைக் கொண்டே படிக்க வேண்டும் என்கிறார் அவர்.