ஒப்புக்கொண்ட கூலி

மார்கழிக் குளிரில், கொட்டச்சேட்டுத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறித்தோர் எடை போடக் காத்து நிற்பதைக் காணும்போது ஒரு கேள்வி எழுகிறது: தொழிலாளி ஒப்புக்கொண்ட கூலியெல்லாம் நீதியான கூலியாகுமா?

எந்த மாநிலமும் அதற்குக் கீழே இறங்கக்கூடாத அடித்தளக் கூலியை நடுவண் அரசு வரையறுக்க வேண்டும் என்கிறது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு. ‘காப்பி விலையோ நியூயார்க் சந்தையில் ஏறி இறங்குகிறது, நாங்கள் எங்ஙனம் கொடுப்போம்?’ என்னும் சிறு தோட்டக்காரரின் கவலையும் பொய்யன்று. ஆயினும் விலை இறங்கும் நாளில் பசி இறங்குவதில்லை.

வறுமைக்கு அஞ்சிக் குறைகூலியை ஏற்பவர் உடன்படுவதில்லை, வன்முறைக்கே ஆளாகிறார் என 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் கற்பித்தார். திராட்சைத் தோட்ட உவமையில் கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் ஒரு தெனாரியம் கிடைத்தது. அவர் வீட்டுப் பசியும் முழுநாள் பசிதானே!

இழப்பைத் தோட்டக்காரரும் வணிகரும் காப்பி அருந்தும் நாமும் பகிர்ந்துகொள்ளலாம். பறிப்பவளின் உலையிலிருந்து அதை ஈடுகட்டலாகாது.