பணயம் யாருடையது?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துப் போலீஸ் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டும் சொல் ‘காட்டன்’. தோலை நம்பிப் பிழைக்கும் இந்த ஊர்களில் அது துணியும் அல்ல, பஞ்சும் அல்ல. துண்டுச் சீட்டில் எண் எழுதிப் பணம் கட்டும் சூதாட்டம். நியூயார்க் பருத்திச் சந்தையின் விலை பம்பாய்க்கு வந்துசேரும்போது அதன் மேல் பந்தயம் கட்டியதில்தான் இதன் வேர் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் அந்த விலை வருவது நின்றது. பானையில் சீட்டுப் போட்டு எடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அதுவே மட்கா ஆயிற்று.

கணக்கு எளிது. 00 முதல் 99 வரை 100 எண்கள். எண்ணுக்கு ஒருவராக 100 பேர் பத்துப் பத்து ரூபாய் கட்டினால் 1,000 ரூபாய். ஜெயித்தவருக்கு 70 மடங்கு என்று வைத்துக்கொண்டால் 700 போகும். 300 ரூபாய் நடத்துகிறவர் பைக்கு. எந்த எண் விழுந்தாலும் அவருக்கு நட்டமில்லை. ஆனாலும் ஊர் ‘சூதாடி’ என்று ஏசுவது, தோற்று வீட்டுக்குப் போகிறவரைத்தான். ஜெயித்த அன்று அவரையே ‘யோகக்காரன்’ என்றதும் அதே வாய்.

ஏசுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: கட்டிய பணம் யாருடையது? ஷூ கம்பெனித் தொழிலாளர்களில் பெரும்பகுதி பெண்கள். விடியுமுன் சோறு வடித்து, கம்பெனி வேனைப் பிடித்து, நாள் முழுக்கத் தையல் மெஷினில் ஷூவின் மேல்பகுதியைத் தைத்துச் சம்பாதித்த காசு. பால்காரருக்கு, ஸ்கூல் ஃபீஸுக்கு, மகளிர் குழுத் தவணைக்கு என்று ஏற்கெனவே பங்கு போட்ட காசு. அதிலிருந்து எடுக்கும் நூறு ரூபாய்க்கு வீடே சொந்தக்காரர், கட்டுகிறவர் ஒருவர்.

வட தமிழகத்தின் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். தன்னையே தோற்றுவிட்ட தருமனுக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்பதே சபையில் திரௌபதி எழுப்பும் கேள்வி. பெரியவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். தருமன் அறம் அறியாதவனல்ல. அறிந்தவனையும் ‘விட்டதைப் பிடித்துவிடலாம்’ என்ற நினைப்பு இழுத்துக்கொண்டு போகும்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1930இலேயே சூதாட்டச் சட்டம். 2003இல் லாட்டரிக்குத் தடை. 2023இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம். சீட்டு எழுதுகிறவரைப் போலீஸ் பிடிக்கும். விட்டதைப் பிடிக்கும் வெறியை வீடுதான் பிடிக்க வேண்டும்.

வள்ளுவர் ‘சூது’ அதிகாரத்தைக் ‘கள்ளுண்ணாமை’க்கும் ‘மருந்து’க்கும் நடுவில் வைத்தார். போதைக்குப் பக்கத்தில் இருப்பது மருந்துக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. சம்பளம் வந்த அன்றே வீட்டார் கூடி உட்கார்ந்து வரவு செலவு பேசுவது முதல் மருந்து. பட்ட கடனை மறைக்காமல் சொல்லவிடுவது அடுத்தது. சொல்ல வருகிறவரைச் ‘சூதாடி’ என்று வாசலிலேயே நிறுத்தினால், அடுத்த கடனை அவர் சொல்லமாட்டார், வாங்குவார்.