யாரும் இல்லாத களஞ்சியம்

பொதுக்காலம் 18ஆம் ஞாயிறு (லூக்கா 12:13-21)



இன்றைய உவமையில் வரும் செல்வனின் நிலம் நன்றாக விளைந்திருக்கிறது. அந்த மகிழ்ச்சியை அவன் யாரிடம் சொன்னான்? மனைவியிடமா, அறுத்துக் கொடுத்த கூலியாள்களிடமா? களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன் என்று தன் நெஞ்சோடு மட்டும்தான் பேசிக்கொள்கிறான். கடவுள் குறுக்கிடும்வரை அந்தக் கதையில் வேறு மனிதக் குரலே இல்லை.

அவனிடம் செல்வம் இருந்தது; ஆனால் மகிழ்ச்சி எதிலிருந்து வருகிறது? ஆண்டுதோறும் மார்ச் 20, பன்னாட்டு மகிழ்ச்சி நாள். அதையொட்டி உலக மகிழ்ச்சி அறிக்கை வெளிவருகிறது. தங்கள் வாழ்வுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று மக்களையே கேட்டுத் தயாரிப்பது அது. 2018 முதல் 2025 வரை பின்லாந்துதான் முதலிடம். குளிர்காலத்தில் வெயிலுக்கு ஏங்கும் நாடு! "அவர்களிடம் காசு இருக்கிறது, சாமி" என்பீர்கள். உண்மைதான். பசித்த வயிற்றுக்கு நிம்மதி ஏது? ஆனால் 2025 பட்டியலில் பெரும் பணக்கார நாடான அமெரிக்கா 24ஆம் இடத்தில் நிற்க, அவ்வளவு வசதியில்லாத கோஸ்டா ரிக்கா 6ஆம் இடத்துக்கு வந்துவிட்டது.

பணத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது? 2013இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் 16 நகரங்களில், நகரத்துக்கு 12 பணப்பைகளை வேண்டுமென்றே தவறவிட்டுப் பார்த்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 11 திரும்பி வந்தன. நம் மும்பையில் 9! தொலைத்தது திரும்பி வரும் என்று நம்ப முடிகிறவர்களே மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள் என்கிறது 2025 அறிக்கை. நாம் எதிர்பார்ப்பதைவிட அதிகமானவை திரும்பி வருகின்றன என்றும் அது காட்டுகிறது. அடுத்தவரை நாம்தான் குறைத்து எடை போடுகிறோம்.

அப்படியானால் ஒரு நாட்டின் மகிழ்ச்சியை உண்டாக்குகிறவர்கள் யார்? கையூட்டு வாங்காத அலுவலர், எடை குறைக்காத கடைக்காரர், கைமாற்றைக் கேட்கும் முன்பே திருப்பித் தருகிறவர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே சோறு போட்டுச் சாப்பிடும் பெரியவரைத் தங்கள் பந்தியில் அமர்த்திக்கொள்ளும் அன்பியத்தார். பிறரை நம்பி வாழ முடிந்த இடத்தில் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டும் அவசரம் குறையும்.

இயேசு இந்த உவமையைச் சொல்லக் காரணமே ஒரு பாகப்பிரிவினை வழக்குதான். நம் பங்கிலும் வரப்புக்காகவும் வீட்டுப் பங்குக்காகவும் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகள் உண்டு. இப்போது ஒரே நற்கருணையை வாங்கப்போகிறீர்கள். திருப்பலி முடிந்ததும் நேரே அந்த உடன்பிறப்பின் வீட்டுக்குப் போங்கள். யார் முதலில் பேசுவது என்று பார்க்காதீர்கள். அந்தத் துணிவை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.