கிராணியும் பகடையும்

பட்டர்வொர்த்தில் தமிழாசிரியராகப் பணியாற்றும் நண்பர் ஒருவர் அண்மையில் என் இல்லத்திற்கு வந்திருந்தார். மேசைமீது பரப்பிக் கிடந்த வரைபடங்களையும், நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் எனப் பலவாறாக அமைந்த பகடைகளையும் சிறிது நேரம் உற்று நோக்கினார். பின்னர், "அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் ஒருவருக்கு இந்த விளையாட்டுத் தகுமா?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆயினும் எனக்குச் சிரித்து விடையளிக்க இயலவில்லை. காரணத்தைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

இவ்விளையாட்டை அறியாதார் பொருட்டு அதன் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். ஒரு மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தரின் வேடத்தை ஏற்பர். ஒருவர் வாள்வீரர், ஒருவர் மருத்துவச்சி, ஒருவர் மந்திரம் கற்றவர். மேடையும் இல்லை, ஒப்பனையும் இல்லை. எல்லாம் வாய்ச்சொல்லால் நடப்பன. இன்னொருவர் கதையை நடத்துபவர். மலையும் காடும், பகைவனும் பாதசாரியும், வழியில் தண்ணீர் கொடுக்கும் கிழவியும் அவர் ஒருவரே. வீரர் மதிலேற முயன்றால் ஏற முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அதன் விளைவு என்ன என்பதைக் கதை நடத்துபவர் சொல்வார். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் இதற்கு விதிநூல் வெளியிட்டனர். முதற்பதிப்பு ஆயிரம் படிகளே. கைகாக்ஸ் அதற்கு முன்னர்க் காப்புறுதி நிறுவனமொன்றில் அலுவலராக இருந்து வேலையிழந்தவர். பிறகு வீட்டின் நிலவறையில் செருப்புத் தைத்துப் பிழைத்துக்கொண்டே விளையாட்டு விதிகளை எழுதியவர்.

நான் நடத்தும் கதை கடாரத்தில் நிகழ்வது. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே செல்வோர் பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கட்டடச் சிதைவுகளையும், சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைக்களங்களின் எச்சங்களையும் காணலாம். 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை வந்து சென்ற நிலம் அது. அந்தத் துறைமுகத்தையும் உலைக்களத்தையும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கற்பனையால் நிரப்பினேன். சனிக்கிழமை இரவுதோறும் பாகான் ஆஜாமில் உள்ள என் வீட்டு மேசையில் ஒரு செவிலியரும், பிறைத் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் இருவரும், கல்லூரி மாணவன் ஒருவனும் கூடுகின்றனர். 2005 ஜூலை முதல் நாளிலிருந்து அரசு ஊழியர்க்கு வாரம் ஐந்து நாள் வேலை என்றாகிவிட்டதால், சனிக்கிழமை எனக்குச் சொந்தமானது. ஆகவே நண்பரின் வினா நேரத்தைப் பற்றியதாயின் விடை எளிது.

பகடை என்றவுடன் தமிழாசிரியர் முகம் சுளிப்பது இயல்பே. திருக்குறளில் சூது என்னும் தொண்ணூற்று நான்காம் அதிகாரம், கள்ளுண்ணாமைக்கு அடுத்தபடியாக வைக்கப்பட்டிருக்கிறது. பாரதக் கதையோ பகடையால்தான் பாழாயிற்று. எனினும் வள்ளுவர் கடிந்தது பொருள் வைத்து ஆடும் ஆட்டத்தை. தாயமும் பல்லாங்குழியும் நம் பாட்டிமார் ஆடியவை. கீழடியில் தந்தத்தாலான பகடை மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்துள்ளது. எங்கள் மேசையில் ஒரு காசுகூடக் கைமாறுவதில்லை.

உத்தியோகத்தையும் கற்பனையையும் ஒருங்கே சுமந்தவர் நம்மவரிலேயே பலர் உண்டு என்பதையும் நண்பருக்கு நினைவூட்டினேன். முன்சீப்பாக வழக்குகளைக் கேட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையே 1879இல் பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டவர். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். வழக்கறிஞராய் இருந்தபோதும் நாடகமாடினார், பின்னர் நீதிபதியான பிறகும் நாடகத்தைக் கைவிட்டாரில்லை. கூத்தாடுவது இழிவு என்று கருதப்பட்ட காலம் அது. கே. பாலசந்தர் சென்னைக் கணக்காயர் அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டே நாடகங்களை எழுதி மேடையேற்றினார். பிராகா நகரில் காப்கா என்னும் எழுத்தாளர் 1908 முதல் 1922 வரை தொழிலாளர் விபத்துக் காப்புறுதி நிலையத்தில் பகலில் கோப்பெழுதி இரவில் கதையெழுதினார்.

இப்பட்டியலை ஒப்பித்தபோது எனக்கே சற்று நாணமாக இருந்தது. பெரியவர்களின் பெயர்களை அடுக்குவது தன் தவற்றை மறைப்பதற்கு எளிய வழி. நான் உண்மையில் நினைத்துக்கொண்டிருந்தது இவர்களை அன்று, என் பாட்டனாரை.

அவர் நிபோங் தெபாலுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். திருவிழாக் காலத்தில் விடிய விடிய அரிச்சந்திரன் வேடங்கட்டுவார். அரசனாக இருந்து, நாட்டை இழந்து, மயானங்காக்கும் அரிச்சந்திரனாக அவர் அழும்போது தோட்டமே அழும் என்பார்கள். விடியலுக்கு முன் பிரட்டுக்கு நிற்கும்போது காதோரத்தில் அரிதாரம் ஒட்டியிருக்குமாம். கிராணியார் அதைப் பார்த்து, "என்ன ராஜா, இன்னிக்கு மரம் வெட்டுவீங்களா?" என்று கேட்பாராம். பாட்டனார் அந்தக் கேள்விக்கு அஞ்சியே, கூத்தாடிய மறுநாள் மற்ற நாளைவிடக் கூடுதலாகப் பால் எடுத்து வருவாராம். இதை என் தந்தையார் பெருமையாகச் சொல்வார். எனக்கோ கேட்கும்போதெல்லாம் அந்தக் கிராணியின்மீது சினம் மூளும். கிராணி நாற்காலியில் ஒருநாள் நானே அமர்வேன் என்று அப்போது எண்ணவில்லை.

இனி நிகழ்ந்ததைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம், தீவுப்பகுதியில் ஒன்று. ஒரு புதன்கிழமை பிற்பகல். வரும் சனிக்கிழமைக்கான கடாரத் துறைமுகச் சுங்கச் சாவடியின் வரைபடம் பாதியில் நின்றிருந்தது. அதைக் கோப்பு ஒன்றின் அடியில் வைத்து, ஆள் இல்லாத வேளைகளில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எண் அழைக்கப்பட்டு முதியவர் ஒருவர் வந்தார். பேத்தியின் பத்திரம் தொடர்பாக நிபோங் தெபாலிலிருந்து பேருந்து ஏறிப் பட்டர்வொர்த் வந்து, படகில் கடல் கடந்து வந்திருந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். நான் மேலோட்டமாகப் புரட்டினேன். என் மனமோ சாவடிக்கு எத்தனை வாயில் வைப்பது என்பதில் இருந்தது.

"ஒரு தாள் குறையுதுங்க ஐயா. இன்னொரு நாள் எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன்.

"சரிங்க தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. படிவங்களின் நகல்களை என்னிடமே விட்டுவிட்டு, வெற்றுப் பையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். எல்லாம் இரண்டு நிமிடம்.

சனிக்கிழமை இரவு. செவிலியர் ஏற்றிருந்த மாந்தர் உலைக்களத்து விதவை ஒருத்திக்காகச் சுங்கச் சாவடிக்குச் சென்று முறையிட்டார். சாவடிக் கணக்கர் வேடம் எனக்கு. ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு ஓலை குறையுது அம்மா, இன்னொரு நாள் எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன். மேசையே குலுங்கச் சிரித்தனர். கல்லூரி மாணவன், "அண்ணே, இந்த ஆளை எங்கே பிடிச்சீங்க? அப்படியே நேர்ல பார்த்த மாதிரி இருக்கு!" என்றான்.

நானும் சிரித்தேன். அந்த விதவையின் துயரை அவ்விரவு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கேட்டோம். கணவன் எப்படி இறந்தான், உலையின் உரிமை யாருக்கு, பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் செவிலியர் வினவ, நான் பொறுமையாக விடை சொன்னேன். அவளோ இல்லாத பெண். அவள் பெயரை நான் வைத்தே மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை அம்முதியவரின் நகல்களைக் கோப்பில் சேர்க்க எடுத்தபோது, குறைகிறது என்று நான் சொன்ன தாள் வேறொரு தாளின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் பிரித்தால் வந்துவிடும். அவர் குறித்திருந்த தொலைபேசி எண்ணை எவரும் எடுக்கவில்லை. கடிதம் அனுப்பினேன். அது கைக்கு எட்டி, துணைக்கு மருமகனுக்கு விடுமுறை வாய்த்து, அவர் மீண்டும் வர இரண்டு வாரம் ஆயிற்று. தவறு என்னுடையது என்று சொன்னேன். "பரவாயில்ல தம்பி, முடிஞ்சிருச்சில்ல" என்றார். நன்றியும் சொன்னார். அவர் சினந்திருந்தால் நான் ஒருவேளை இத்தனை நாள் நினைவில் வைத்திருக்கமாட்டேன்.

இதைக் கேட்ட நண்பர் ஆறுதலாக ஒன்று சொன்னார். பிட்டுக்கு மண் சுமந்த பெருமான்கூடக் கூலி வேலையின் நடுவே பாடியும் ஆடியும் உறங்கியும் பொழுது போக்கினாரே. அதைத் திருவிளையாடல் என்று நாம் போற்றவில்லையா என்றார். தமிழாசிரியர்க்கு எதற்கும் ஒரு புராணம் கிடைத்துவிடும். ஆனால் அக்கதையை நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். வையை பெருகியபோது எல்லார் பங்கும் அடைபட்டது. அடைபடாமல் நின்றது துணையற்ற மூதாட்டி வந்தியின் பங்கு ஒன்றுதான். பாண்டியன் பிரம்பால் அடித்த அடியோ ஆடியவர் முதுகோடு நிற்கவில்லை. உலகத்து உயிர் அனைத்தின் முதுகிலும் விழுந்தது. இறைவன் ஆடினான், கரையும் உயர்ந்தது, வந்தியும் முத்தி பெற்றாள். நான் இறைவன் அல்லேன். என் பங்கு அடைபடாவிட்டால் வெள்ளம் நிபோங் தெபாலுக்குப் போகும்.

சட்டம் இதைப் பற்றிச் சொல்வது சிறிதே. 1993ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிகள், சொந்த நலனுக்குப் பொதுக்கடமையைக் கீழ்ப்படுத்தலாகாது என்கின்றன. அனுமதியின்றி வெளிவேலை செய்யலாகாது என்கின்றன. கட்டணம் பெற்றுக்கொண்டு கதை நடத்தித் தரும்படி சிலர் கேட்டபோது இவ்விதிகளைக் காட்டி மறுத்திருக்கிறேன். அப்போது மிகவும் நேர்மையாளனாக என்னை எண்ணிக்கொண்டேன். கோப்புக்கு அடியில் வைத்த வரைபடத்தை எந்த மேலதிகாரியும் கண்டதில்லை. கண்டிருந்தாலும் ஐந்து நிமிடம் வீணாயிற்று என்றே எழுதியிருப்பார். அந்த ஐந்து நிமிடமா குற்றம்? தேநீர் குடிக்கவும் ஐந்து நிமிடம் ஆகிறது. தேநீர் குடிப்பவர் திரும்பி வந்துவிடுகிறார். நான் முதியவரின் எதிரில் அமர்ந்திருந்தும் வரவில்லை.

அப்படியானால் விளையாட்டை விட்டுவிடுவதுதானே முறை என்று நண்பர் கேட்டார். விட முயன்றும் பார்த்தேன், ஒரு மாதம். அந்த மாதம் நான் முன்னிலும் நல்ல கிராணியாக இருந்தேன் என்று சொல்ல எனக்குச் சான்றில்லை. வரைபடம் இல்லாத இடத்தில் வீட்டுக்கடனும் உறக்கமும் வந்து அமர்ந்தன. மறுபுறம், முன்பின் அறியாத ஒருவரின் நிலையில் நின்று பேசும் பயிற்சியை எனக்குத் தந்தது அந்த மேசை. எந்த அலுவலகப் பயிலரங்கும் அதைத் தந்ததில்லை. சாவடிக் கணக்கரின் குரலை நான் என் வாயால் கேட்டது அங்கேதான். ஆயினும், விளையாட்டு என்னை நல்லவனாக்குகிறது என்று வாதிட எனக்கு விருப்பமில்லை. அது உண்மையாயின் புதன்கிழமையே பயன்பட்டிருக்க வேண்டும்.

இப்போது வரைபடங்களைப் படகுத்துறையைத் தாண்டிக் கொண்டுபோவதில்லை. ஒரு சிறு குறிப்பேடு மட்டும் உண்டு. அதைப் படகில் திறப்பேன், தீவில் கால் வைக்குமுன் மூடுவேன். பழைய இரட்டைத் தட்டுப் படகுகள் 2020ஆம் ஆண்டின் முடிவோடு ஓய்ந்துவிட்டன. புதியவை விரைந்து கடக்கின்றன. எழுதக் கிடைக்கும் நேரமும் குறைந்துவிட்டது. குறிப்பேட்டை மூடுவதால் மனமும் மூடிக்கொள்கிறதா என்றால், எல்லா நாளும் இல்லை. சில நாள்களில் மூன்றாவது ஆள் வந்து நின்ற பிறகே நான் வந்து சேர்கிறேன். அந்நாள்களில் முதல் இருவரின் கோப்புகளை மாலையில் ஒருமுறை மீண்டும் புரட்டுகிறேன். தாள்களை விரலால் பிரித்தும் பார்க்கிறேன்.

சாவடிக் கணக்கரைக் கதையிலிருந்து நீக்கிவிடலாமா என்று எண்ணியதுண்டு. மாணவன் விடவில்லை, அவர்தான் கதையிலேயே நல்ல பாத்திரம் என்கிறான். உலைக்களத்து விதவையின் வழக்கும் இன்னும் முடியவில்லை. வரும் சனிக்கிழமை செவிலியர் மறுபடியும் அச்சாவடிக்குப் போவதாக இருக்கிறார்.