உடைப்பில் நிற்கும் கோடு

உழுத வட்டை. ஈரம் வெயிலில் காய்கிறது. வரிப்பத்தான்சேனையில் காற்று இறக்காமக் குளத்துப் பக்கமிருந்து வருகிறது.

மண்கட்டிகளுக்கிடையே சிவப்பாக ஒரு வளைவு. பானை ஓடு.

எடுக்கவில்லை. எடுத்தால் கிடந்த இடம் போய்விடும். குந்தியிருந்து பார்க்கிறேன்.

விளிம்புக்குக் கீழே ஒரு கீறல். அதன் கீழே இன்னொன்று. விலகாமல் ஓடி, உடைப்பில் நிற்கின்றன. சக்கரம் சுற்ற, குச்சி அசையாமல் இருந்திருக்கிறது.

உள்ளே கறுப்பு. வெளியே சிவப்பு. கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் போகாத பக்கம் கறுக்கிறது. பொன்பரிப்பிலும் கந்தரோடையிலும் ஆதிச்சநல்லூரிலும் தோண்டிய பானைகளில் இதே கறுப்பு.

பழைய பௌத்தத் தலமான தீகவாபி தொலைவில்லை.

அரிக்கமேடு நினைவில் வருகிறது. 1945. தொல்லியலாளர் வீலர் தோண்டிய தட்டுகள். உள் அடியில் வட்டம் வட்டமாகச் சின்னஞ்சிறு பொட்டுகள். ரௌலட்டட் என்று பெயர். மத்தியதரைக் கடல் பக்கத்து நுட்பம் என்று அவர் எண்ணுகிறார். பின்வந்தவர்கள் மண்ணைச் சோதிக்கிறார்கள். இந்திய மண்.

பொட்டுகள் ஒன்றுபோல் ஒன்றில்லை. பாதி காய்ந்த தட்டின்மேல் மெல்லிய தகடு துள்ளித் துள்ளிப் பட்டது என்கிறார்கள் சிலர். பல் வைத்த சிறு சக்கரம் என்கிறார்கள் வேறு சிலர். சில இடம் ஆழம். சில இடம் தொட்டும் தொடாமலும். ஒரு வரிசை முந்தியதன்மேல் ஏறிவிடுகிறது.

அங்கேதான் கண் தங்குகிறது.

அசர் பாங்கு கேட்கிறது.

பழைய துறைமுகமான மாந்தையும் நினைவில் வருகிறது. பாரசீகக் குடாவிலிருந்து வந்த பச்சைநீல மெருகு. சீனத்துச் சாங்ஷா கிண்ணத்தில் பழுப்பும் பச்சையுமாகத் தூரிகை வீச்சு. அல்லைப்பிட்டியில் ஜோன் கார்ஸ்வெல் 1977இல் தோண்டிய சொங் காலத்துப் பீங்கான்.

ஒரு தூரிகைக் கோடு. பறவையின் வாலோ, இலையின் நுனியோ. முழுக் கிண்ணத்தைக் கண்டவர் உடனே சொல்லிவிடுகிறார். காணாத கண்ணுக்கு அது கோடு மட்டும். எனக்குக் கோடாகவே பிடித்திருக்கிறது.

உம்மாவின் பீங்கானில் நீலப்பூ. விரல் பிடிக்கும் பக்கம் வெளிறிப்போயிருக்கிறது. பூவைவிட அந்த வெளிறலில் கை அதிகம் தெரிகிறது.

வட்டங்கள் வரைந்த தாளில் விளிம்பை வைத்தால் பானையின் வாயகலம் தெரிந்துவிடும். விரல் நீள ஓடு போதும். வயிறு தெரிவதில்லை.

ஓடு வரைகிறவர்கள் இருப்பதைக் கெட்டிக்கோட்டில் வரைகிறார்கள். இல்லாததைப் புள்ளிக்கோட்டில். சிலர் புள்ளியும் வைப்பதில்லை.