மஞ்சள் பட்டையும் ருத்திரன் சாபமும்

மாமல்லபுரம் இராமானுஜ மண்டபத்தின் தரையில் ஒரு சாபம் வெட்டப்பட்டிருக்கிறது. எவர் நெஞ்சில் ருத்திரன் இல்லையோ, அவர்களைத் திரும்பத் திரும்பச் சபிக்கும் வடமொழிச் சுலோகம். எழுத்து, பல்லவ கிரந்தம். சுவரில் இருந்த சிற்பங்களைப் பிற்காலத்தில் யாரோ உளியால் கொத்திச் சமன்படுத்திவிட்டார்கள். சாபம் பிழைத்தது, சிற்பம் பிழைக்கவில்லை. இன்று அதைக் கடந்துபோகிறவர்களில் கிரந்தம் படிக்கத் தெரிந்தவர்கள் அபூர்வம்.

படிக்கப்படாத எச்சரிக்கை கணினியிலும் உண்டு.

2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தது. அசையும் படங்களோடு பாடத்தையும் கோயில் உலாவையும் சிடியில் பதித்து விற்றவர்களுக்கு அன்று பிடித்தது தலைவலி. சிடியைப் போட்டால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பக்கம் திறக்கும்; மேலே ஒரு மஞ்சள் பட்டை முளைக்கும்; பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ‘பட்டையைக் கிளிக் செய்து அனுமதி கொடுங்கள்’ என்று உறைக்குள் துண்டுச்சீட்டு வைப்பதுதான் சுலபமான வழி. படிக்காமலே தலையாட்டப் பழக்கும் வழியும் அதுதான்.

காசு கொடுத்து வாங்கி, கையில் வைத்திருக்கும் பொருளை ஏன் சந்தேகிக்க வேண்டும்? அதுவரை கணினிக்குள்ளிருந்து திறக்கும் பக்கம் வீட்டு ஆள். பீரோ சாவியே அதன் கையில். இணையப் பக்கம் திண்ணையில் உட்காரும் வழிப்போக்கன். வீட்டு ஆள் வேடத்தில் திருட்டு நிரல்கள் நுழையத் தொடங்கியதும் சாவி பறிக்கப்பட்டது. இதற்கு மைக்ரோசாஃப்டே ஒரு வழி சொன்னது: ‘இணையத்திலிருந்து சேமித்தது’ என்று பக்கத்தின் தலையில் ஒரு வரி சேர்த்தால் போதும், மஞ்சள் பட்டை வராது. வீட்டு ஆள் என்றால் தடை, வழிப்போக்கன் என்றால் திண்ணையில் இடம்.

யார் சொல்லை நம்புவது என்பது பழைய தருக்கக் கேள்வி. சைவ சித்தாந்திகள் அறியும் வழிகளாகக் காட்சி, கருதல், உரை (நம்பத் தகுந்தவர் சொல்) என மூன்று அளவைகளைக் கொள்கிறார்கள். அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அதை விரித்துப் பேசுகிறது. மணிமேகலையில் காஞ்சியில் அறவண அடிகள் உபதேசிக்கும் பௌத்த தருக்கமோ, உரையைத் தனி அளவையாக ஏற்காமல் இரண்டோடு நின்றுவிடுகிறது. பிரவுசருக்கு நிரலின் மனசு தெரியாது. யார் அனுப்பியது என்ற உரையைத்தான் அது கேட்கிறது. இணையதளத்துக்கு முகவரி உண்டு; சிடியிலிருந்து திறக்கும் பக்கம் ஊர் பேர் இல்லாதது.

ஊர் பேர் மட்டும் போதுமா? 2005இல் சோனி பிஎம்ஜியின் பாட்டு சிடிகள், கேட்பவரின் கணினியில் தன்னை ஒளித்துக்கொள்ளும் மென்பொருளை நிறுவியது அம்பலமானது. பெரிய பெயர்தான், உரை பொய்த்தது. ஆராயாமல் நம்புவதும் நம்பியபின் ஐயப்படுவதும் ஒருசேரத் துன்பம் என்பது ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் முடிவு. மைக்ரோசாஃப்ட் சொன்ன அந்த ஒருவரிக் குறிப்போ இந்தச் சிக்கலை வேறு பக்கமிருந்து அவிழ்த்தது: ‘நான் நல்லவன்’ என்று அது வாதாடவில்லை, சாவி வேண்டாம் என்றது.

சிடி போய் பென்டிரைவ் வந்துவிட்டது. குரோம் இன்றும் அதிலிருந்து திறக்கும் பக்கத்தை அருகிலுள்ள கோப்பைப் படிக்க விடுவதில்லை. செங்கல்பட்டிலோ மாமல்லபுரத்திலோ தலபுராணமும் பாடமும் பதித்துக் கொடுப்பவர்கள் ‘எது கேட்டாலும் ஓகே கொடுங்கள்’ என்ற சீட்டை எடுத்துவிடலாம். பதிலுக்கு வெளியிட்டவர் பெயர், உள்ளே இருப்பது என்ன, கணினியில் அது எதைத் தொடும் என்ற மூன்றையும் உறைமேல் தமிழில் எழுதட்டும்.