நாக்கின் நியாயம்

அம்பத்தூரில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். கப்பலில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ற மார்கழியில் ஒரு மாலை என்னைத் தம் வீட்டு மாடிக்கு அழைத்துப் போய், மொட்டுப் போல் வாய் குறுகிய இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களை முன்னால் வைத்தார்.

"இரண்டும் ஷெர்ரிப் பீப்பாயில் ஊறிய விஸ்கி. ஒன்றுதான் ஸ்காட்லாந்து. எது என்று சொல்லுங்கள் பார்ப்போம், எழுத்தாளரே!"

குடிப்பது வேறு, சுவைப்பது வேறு என்பது அவருடைய சித்தாந்தம். முதலில் மூக்கு, பிறகுதான் நாக்கு. சில சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசனை இன்னும் விரியும். முதல் கிண்ணத்தில் பேரீச்சையும் சுக்கின் காரமும் தெரிந்தன. இரண்டாவதில் உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல், கிராம்பு, அடியில் கருப்பட்டிப் பாகின் கருகல் மணம். விழுங்கிய பிறகும் வெகு நேரம் தொண்டையில் நின்றது.

"இதுதான் ஸ்காட்லாந்து. நூற்றாண்டுகளின் பாரம்பரியம் பேசுகிறதே!" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே பாட்டிலை எடுத்துக் காட்டினார். பெங்களூர் அம்ருத்!

2004-இல் கிளாஸ்கோ நகரத்திற்கே போய் விற்பனையைத் தொடங்கிய சரக்கு அது. 2010-ஆம் ஆண்டுக்கான தம் புத்தகத்தில் ஜிம் முர்ரே என்ற விஸ்கி விமரிசகர் அந்த நிறுவனத்தின் 'ஃப்யூஷ'னுக்கு நூற்றுக்கு 97 மதிப்பெண் கொடுத்து, உலகில் மூன்றாவது இடத்தில் வைத்தார். ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரிலோ பத்துக்கும் மேல். வெயிலில் மரமும் மதுவும் அவசரமாகக் கலந்துவிடுகின்றன. 'பாரம்பரியம்' என்று நான் கொண்டாடியது நம் தக்காண வெயிலைத்தான்!

பீப்பாயின் கதை இன்னும் வேடிக்கை. முன்பு ஸ்பெயினிலிருந்து ஷெர்ரி ஏற்றி வந்த பழைய பீப்பாய்களைத்தான் ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். 1980-களில் ஷெர்ரியைப் பீப்பாயோடு ஏற்றுமதி செய்வது நின்றுபோயிற்று. இப்போது பெரும்பாலும் விஸ்கிக்காகவே புதுப் பீப்பாய் செய்து, ஷெர்ரியை ஊற்றி ஊறவைத்து அனுப்புகிறார்கள். நாடகத்துக்கு வேஷம் போட்டு அனுப்புவது போல. அதனால் ருசி பொய்யாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொய்யாகப் போனது என் வாக்கியம்தான்.

சோதனையில் தோற்றதற்காக நான் வெட்கப்படவில்லை. கிராம்பும் கருப்பட்டியும் இருந்தது உண்மை; அதை நாக்கு சரியாகத்தான் சொன்னது. அதன் மேல் ஒரு ஊரையும் குலத்தையும் நானாக ஒட்டினேனே, அதுதான் உறுத்தியது. ஏனென்றால் எனக்கு அது முதல் தடவையல்ல.

என் தாய்மாமன் ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். குடிப்பார். அவருக்காக வாதாட நான் வரவில்லை. மாமியின் கம்மல் அடகுக் கடைக்குப் போனதைப் பார்த்தவன் நான். ஆனால் அதே வஸ்துவைக் கிண்ணத்தில் ஊற்றி முகர்ந்தால் எனக்கு 'ரசிகர்' என்ற பட்டம். ஒயின் ஷாப் வாசலில் நின்று குடித்தால் அவருக்கு வேறு பட்டம்.

1996-இல் திருமுல்லைவாயிலில் என் அக்காவின் கல்யாணம். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டிய மாமா, பந்தல் காலருகே தயங்கி நின்றார். "சம்பந்தி வீட்டார் முன்னால் ஏதாவது ஆகிவிடப் போகிறது. பின்பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்" என்று அப்பா என்னை அனுப்பினார்.

அருகே போனேன். விபூதி வாசனை, சலவைச் சட்டையின் கஞ்சி வாசனை. வேறு ஒரு வாசனையும் இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், அப்பா சொன்னதைச் சொன்னேன்.

"சரிடா தம்பி" என்றார் மாமா. கையில் வைத்திருந்த மொய்க் கவரை என்னிடம் கொடுத்துவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார்.